தனியாகப் போனால் அறைக்கு மட்டும் ஏன் இரண்டு பேர் காசு?

ஒற்றைச்சாவி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பல வருடமாக மனதில் கிடக்கிற விஷயம் இது. போன வாரம் வந்த ஒரு பில்லைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 46 வயது. இருபது வருடமாகத் தனியாகத்தான் ஊர் சுற்றுகிறேன். துணை கிடைக்காமல் தனியாகப் போகிறவள் இல்லை, எனக்கு அப்படிப் போவதுதான் பிடிக்கும். இந்த முறை ஏழு இரவுக் குழுச் சுற்றுலா ஒன்றில் பெயர் கொடுத்தேன். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை, அதற்குக் கீழே பொடி எழுத்தில் ‘ட்வின் ஷேரிங் அடிப்படையில், ஒருவருக்கு’, அதாவது இருவர் ஒரே அறையைப் பகிர்ந்துகொண்டால் தலைக்கு. பயணிகள் எண்ணிக்கை 1 என்று போட்டேன். உடனே பில்லில் புதிதாக ஒரு வரி முளைத்தது: சிங்கிள் சப்ளிமென்ட், அறையில் தனியாகத் தங்குவதற்கான கூடுதல் கட்டணம். விளம்பரத் தொகை 100 என்றால் இந்த ஒரு வரி மட்டும் 45.

இரண்டு வருடம் முன்னால் போன பயணத்திலும் இதே மாதிரி கூடுதல் கட்டினேன். கிடைத்த அறை லிஃப்டை ஒட்டி இருந்தது. யாராவது மேலே போகும்போதெல்லாம் தலைமாட்டுச் சுவர் அதிரும். கட்டில் அகலம் புரண்டு படுக்கப் போதாது. ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் எதிர்க் கட்டடத்தின் சுவர். எங்கள் குழுவில் வந்த ஒரு தம்பதி ஒருநாள் சார்ஜர் கேட்டார்கள், கொடுக்கப் போனேன். தோட்டத்தைப் பார்த்த பெரிய அறை, உட்கார இரண்டு நாற்காலி, குளியலறையிலேயே வெளிச்சம் வருகிறது. தலைக்கு என்று பார்த்தால் அவர்கள் கொடுத்தது என்னைவிடக் குறைவு. கூடக் கொடுத்தவளுக்குக் குறைவான அறை. அன்றைக்குப் பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

இந்தக் கூடுதல் கணக்கு எங்கே இருந்து வருகிறது, அதைக் குறைக்க நேர்மையான வழி ஏதாவது இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. இந்தத் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

நடந்துபார் எழுதியது:

அக்கா, ஹாஸ்டல்தான் பதில். அங்கே அறைக்குக் காசு இல்லை, படுக்கைக்குத்தான் காசு. ஒரு ஆளா, ஒரு படுக்கை. ஸ்பெயினில் சாந்தியாகோ நடைப் பாதையில் போனபோது வழியெல்லாம் ‘அல்பெர்கே’ என்கிற யாத்ரீகர் விடுதிகளில்தான் தூங்கினேன். யாத்ரீகர் அட்டையைக் காட்டி முத்திரை வாங்கிக்கொண்டு, ஒரு படுக்கைக்கான காசு கொடுத்தால் போதும். தனியாக வந்தாயா, ஜோடியாக வந்தாயா என்ற பேச்சே கிடையாது. பொது விடுதிகள் பலவற்றில் முன்பதிவும் இல்லை, முதலில் வந்தவருக்கு முதல் இடம்.

---

பழையபெட்டி எழுதியது:

நடந்துபார் தம்பி சொல்வது உண்மைதான். ஆனால் எனக்கு 67 வயது, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. மேல் படுக்கைக்கு ஏணி வைத்து ஏற முடியாது. இரவில் மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. கூட இருக்கும் பத்துப் பேரின் தூக்கத்தையும் கெடுக்க மனம் வரவில்லை.

மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. நாங்கள் இருவரும் போன ஊர்களுக்கே மறுபடி போக வேண்டும் என்று ஆசை, போய்க்கொண்டிருக்கிறேன். அறைக்குள் நுழைந்ததும் மேசையில் இரண்டு கப், இரண்டு தண்ணீர் பாட்டில், கட்டிலின் இரண்டு பக்கமும் மடித்து வைத்த துண்டு. நான் முதல் வேலையாக ஒரு கப்பைக் கவிழ்த்து ஓரமாக வைத்துவிடுவேன். பில்லில் இரண்டாவது ஆளுக்கும் சேர்த்துக் கட்டச் சொல்லும்போது வலிப்பது காசு மட்டும் இல்லை அம்மா. அதை விற்பவர்கள் புரிந்துகொண்டால் நன்றாக இருக்கும்.

---

முன்மேசை எழுதியது:

பதினான்கு வருடம் ஹோட்டல் ரிசப்ஷனிலும் ரிசர்வேஷனிலும் வேலை பார்த்தவள் நான். ஹோட்டல் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பிறகு எங்கள் தப்பையும் சொல்கிறேன்.

அறையில் ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் அறை ஒன்றுதான். பெருக்கித் துடைக்க ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. படுக்கை விரிப்பு ஒன்று, ஏசி ஒன்று, கட்டடத்தின் கடன் தவணையும் ஒன்று. இரண்டாவது ஆளால் எங்களுக்குக் கூடுவது ஒரு காலை உணவு, ஒரு செட் துண்டு, கொஞ்சம் வெந்நீர், ஒரு சோப்பு. அதனால்தான் நேரடியாக ஹோட்டலில் பதிவு செய்தால் பல இடங்களில் ஒருவர் விலைக்கும் இருவர் விலைக்கும் நடுவில் சின்ன வித்தியாசம்தான் இருக்கும். அறைக்கு இதுதான் விலை என்பதை வெளிப்படையாகச் சொல்கிற வரைக்கும் அதில் ஏமாற்று இல்லை.

இப்போது எங்கள் தப்பு. டபுள் ரூமை ஒரு ஆளுக்குக் கொடுக்கும்போது ‘டபுள் ஃபார் சிங்கிள் யூஸ்’ என்று எழுதுவோம். அதன் விலை முழு டபுள் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்க வேண்டும், ஒரு காலை உணவாவது கழிய வேண்டும். பல ஹோட்டல்களில் அது தானாகக் கழியாது, கேட்டால்தான் கழிப்பார்கள். இன்னொன்றும் நடக்கும். அறை ஒதுக்கும் நேரத்தில் நல்ல அறைகள் முதலில் ஜோடிகளுக்குப் போகும். தனியாக வருகிறவருக்கு மிச்சம் மீதி. லிஃப்ட் பக்கம், ஐஸ் மிஷின் பக்கம், காற்று வராத மூலை. ‘தனி ஆள்தானே, தூங்கத்தானே போகிறார்’ என்று ஷிஃப்டில் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஒற்றைச்சாவி எழுதியதைப் படித்தபோது அது உறுத்தியது.

சாவி வாங்குவதற்கு முன்னாலேயே, “நான் முழு அறைக்குக் காசு கட்டியிருக்கிறேன். லிஃப்டுக்குத் தள்ளி, வெளிப்பக்கம் பார்த்த அறை வேண்டும்” என்று அமைதியாகக் கேளுங்கள். அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டால் மாற்றுவது கஷ்டம், ஏனென்றால் அந்த அறையை மறுபடி சுத்தம் செய்ய வேண்டும்.

---

சன்னலோரம் எழுதியது:

நான் மாறுபடுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் என் கணவரும் சேர்ந்துதான் போகிறோம். அறை விலையை இருவரும் பாதிப் பாதி போட்டுக்கொள்கிறோம், அவ்வளவுதான். டாக்சியில் ஒருவர் போனாலும் இருவர் போனாலும் மீட்டர் ஒன்றுதானே? அதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. அறையும் அப்படித்தான். இதைத் தண்டனை என்று சொல்வது சரியா?

---

ஒற்றைச்சாவி எழுதியது:

சன்னலோரம், டாக்சி உதாரணம் நல்ல உதாரணம். ஆனால் அதையே இப்படிப் பாருங்கள். டாக்சி ஸ்டாண்டில் ‘ஒருவருக்கு 50’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். நான் ஏறி உட்கார்ந்த பிறகு, “நீங்கள் ஒருவர்தான், அதனால் அபராதம் 50” என்கிறார்கள். அந்த வண்டிக்கு 100 என்று முதலிலேயே எழுதியிருந்தால் எனக்கு வருத்தமே இல்லை. கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் முடிவு செய்துகொள்வேன். என் கோபம் அந்தப் பலகை மேல்தான். இருவர் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும் விலையை எல்லோருக்குமான விலை மாதிரி எழுதிவிட்டு, அது பொருந்தாதவரை ‘கூடுதல்’ என்ற பட்டியலில் போடுவதுதான் வலிக்கிறது.

நடந்துபார் தம்பி, ஹாஸ்டலில் நானும் நிறையத் தங்கியிருக்கிறேன், இனியும் தங்குவேன். ஆனால் ஒரு பயணத்தில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க ஆசைப்படுகிறேன். அது பெரிய சொகுசா?

---

நடந்துபார் எழுதியது:

இல்லை அக்கா, புரிகிறது. நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆனால் ஹாஸ்டல் எப்படிப் பிறந்தது என்று படித்திருக்கிறேன், அதையும் சொல்ல ஆசை. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் 1909-இல் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நடைப் பயணம் போனபோது புயல் மழையில் மாட்டி ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் பள்ளிகளை நடந்து வரும் பிள்ளைகளுக்குத் தங்கக் கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1912-இல் ஆல்டேனா கோட்டையில் நிரந்தர இளைஞர் விடுதி வந்தது. அறையாக விற்காமல் படுக்கையாகக் கொடுக்கும் இந்த இளைஞர் விடுதி முறை அங்கே இருந்து உலகம் முழுக்கப் பரவியது. இப்போது பல ஹாஸ்டல்களில் தனி அறையும் இருக்கிறது, திரைச்சீலை போட்ட படுக்கைகளும் இருக்கின்றன. கீழ்ப் படுக்கை வேண்டும் என்று முன்பே எழுதிக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். பழையபெட்டி ஐயாவுக்கும் இது உதவலாம்.

---

கடல்காற்று எழுதியது:

ஹோட்டலையே சொல்கிறீர்கள், கப்பல் பயணத்தைப் பாருங்கள். பெரும்பாலான க்ரூஸ் கப்பல்களில் தனியாக ஒரு கேபின் எடுத்தால் இருவர் கட்டணம், அதாவது 200 சதவீதம். 150-க்கு இறங்கினால் சலுகை என்று விளம்பரம் செய்வார்கள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் கப்பல் நிறைந்ததா என்று கணக்குப் பார்ப்பார்கள். குழந்தையோடு மூன்று பேர் ஒரே கேபினில் இருந்தால் கூடும். அதனால்தான் அந்த நிறுவனங்களின் அறிக்கைகளில் ‘நிறைவு’ 100 சதவீதத்தைத் தாண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அந்தக் கேபின் அவர்கள் கணக்கில் பாதிக் காலி. கப்பலுக்குள் அவர் குடிக்கிற பானம், போகிற கரைச் சுற்றுலா, கடையில் வாங்குகிற பொருள், இவற்றிலும் ஒரு ஆளுக்கானதுதான் வரும். டிக்கெட்டோடு இந்த உள் வியாபாரத்திலும் அவர்களுக்குக் கண்.

அப்புறம் சிலர் மாற்றி யோசித்தார்கள். 2010-இல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் ஒருவருக்கென்றே 128 சின்னக் கேபின்கள் கட்டினார்கள். கடல் பார்க்கிற ஜன்னல் கிடையாது. ஆனால் அந்தக் கேபின்காரர்களுக்கு மட்டும் ஒரு பொதுக் கூடம், வேண்டுமானால் அங்கே போய்ப் பேசலாம், வேண்டாம் என்றால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். குயின் மேரி 2 கப்பலிலும் 2016-இல் புதுப்பித்தபோது ஒருவர் தங்கும் கேபின்கள் 15 சேர்த்தார்கள். இப்படிக் கேபின்கள் எண்ணிக்கையில் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். சில சமயம் அதே கப்பலில் டபுள் கேபினைத் தனியாக எடுப்பது இதைவிட மலிவாக இருப்பதும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும்.

இருவர் கட்டணம் கட்டினாலும் துறைமுக வரியும் பணியாளர் டிப்ஸும் தலைக்குத்தான். நீங்கள் ஒரு தலை. அந்த இரண்டு வரியும் பில்லில் ஒரு தடவைதான் இருக்கிறதா என்று பாருங்கள். என் பில்லில் ஒருமுறை டிப்ஸ் இரண்டு பேருக்குப் போட்டிருந்தார்கள். ஏஜென்டிடம் சொன்னதும் திருத்தினார்.

---

கணக்கேடு எழுதியது:

ஒற்றைச்சாவி மேடம், சுற்றுலா நிறுவனத்தில் விலை நிர்ணயம் செய்கிற வேலை பார்த்தேன், இப்போது விட்டுவிட்டேன். உங்கள் 45 எப்படி வருகிறது என்று உள்ளே இருந்து சொல்ல முயல்கிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு, ஒருவருக்கு 100 என்கிற சுற்றுலாவை உடைத்துப் பார்ப்போம். அறையில் பாதி 30. பஸ், வழிகாட்டி 25. சாப்பாடு, நுழைவுச்சீட்டு 25. அலுவலகச் செலவும் லாபமும் 20. தனியாக வருகிறவருக்குப் பஸ்ஸில் ஒரு சீட், சாப்பாடு ஒன்று, நுழைவுச்சீட்டு ஒன்று. இவற்றில் எதுவும் கூடுவதில்லை. கூடுவது அறையின் இன்னொரு பாதி மட்டும். அப்படியானால் சப்ளிமென்ட் 30. ஒரு காலை உணவைக் கழித்தால் அதற்கும் கீழே.

பிறகு ஏன் 45? மூன்று காரணம் நான் பார்த்திருக்கிறேன்.

முதல் காரணம், அந்த 30 மேலேயும் லாப விகிதத்தைப் போடுவது. கம்ப்யூட்டரில் எல்லா வரிக்கும் ஒரே சூத்திரம் ஓடும், யாரும் நின்று யோசிப்பதில்லை.

இரண்டாவதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சீசனுக்கு முன்பே ஹோட்டலில் 20 அறை பிடித்து வைத்துவிடுவோம், பஸ்ஸில் 40 சீட். இருபது அறையிலும் ஜோடிகள் என்றால் பஸ் நிறைந்துவிடும். ஐந்து அறையில் தனி ஆட்கள் என்றால் 35 பேர்தான் ஏறுவார்கள். ஐந்து சீட் காலி, பஸ் வாடகையும் வழிகாட்டி சம்பளமும் அதேதான். அந்த ஐந்து சீட்டின் இழப்பைத் தனியாக வருகிறவர் தலையில் வைப்பார்கள். ஆனால் பஸ் எப்படியும் நிறையாத சீசனில் இந்த வாதம் நிற்காது. அப்போது நீங்கள் இல்லை என்றால் அந்த அறையும் காலி, சீட்டும் காலி. அதனால்தான் புறப்படும் தேதி நெருங்க நெருங்கச் சில நிறுவனங்கள் சப்ளிமென்ட்டைத் தள்ளுபடி செய்கின்றன. சீசன் இல்லாத மாதம், இன்னும் இடம் இருக்கிறது என்று தெரிந்தால் தைரியமாகக் கேளுங்கள்.

மூன்றாவது சோம்பல். எத்தனை இரவு, எந்த ஹோட்டல் என்று பார்க்காமல் போன வருட விகிதத்தை அப்படியே இந்த வருடமும் போடுவது. இதுதான் அதிகம் நடக்கும் என்பது என் அனுபவம்.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். சப்ளிமென்ட்டை இரவு வாரியாகப் பிரித்துத் தரச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் கேட்டால் ‘எங்கள் கொள்கை’ என்பார்கள், அங்கேயே பேச்சு முடிந்துவிடும். எழுத்தில் கேட்டால் யாராவது ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். பயணத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு இரவும் எங்கே தூங்குகிறீர்கள் என்று நீங்களே ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

---

சன்னலோரம் எழுதியது:

கணக்கேடு எழுதியதைப் படித்தபின் ஒற்றைச்சாவி சொன்ன பலகை விஷயம் புரிகிறது. அறையின் மறுபாதியைக் கட்டுவது வேறு, அதற்கு மேலேயும் கட்டுவது வேறு. நான் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம். முன்பின் தெரியாத இன்னொரு தனிப் பயணியோடு அறையைப் பகிர்ந்துகொள்ளலாமே? நிறுவனமே ஆள் பார்த்துத் தரும் என்று கேள்விப்பட்டேன்.

---

ஒற்றைச்சாவி எழுதியது:

தருவார்கள். இன்ட்ரெப்பிட், ஜி அட்வென்சர்ஸ் போன்ற சிறு குழுப் பயண நிறுவனங்களில் அதுதான் வழக்கம். பெண்ணோடு பெண், ஆணோடு ஆண் என்று அறையில் சேர்த்துவிடுவார்கள், சப்ளிமென்ட் இல்லை. தனி அறை வேண்டும் என்றால்தான் கூடுதல். இதை நான் மதிக்கிறேன், ஏனென்றால் தேர்வு நம் கையில் இருக்கிறது.

இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறேன். முதல் முறை கிடைத்தவர் இன்றைக்கும் எனக்குத் தோழி. இரண்டாவது முறை வந்தவர் நல்லவர், ஆனால் அதிகாலை நான்கரைக்கு அலாரம் வைப்பார், அதை அணைத்துவிட்டுத் தூங்குவார், பத்து நிமிடத்தில் மறுபடி அடிக்கும். ஐந்தே முக்கால் வரை இதே கதை. நான் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த மணிக்காகக் காத்திருப்பேன். மூன்றாம் நாள் சொன்னேன், வருத்தப்பட்டார், நாலாம் நாள் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தார். அதன் அதிர்வு கட்டில் வழியாக எனக்கும் வந்தது. கட்டில்கள் இரண்டும் ஒட்டிப் போட்டவை.

யாராவது இதைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றை முதலிலேயே கேளுங்கள். ஜோடி கிடைக்கவில்லை என்றால் அந்தக் கூடுதலை யார் கட்டுவது? சில நிறுவனங்கள் தாங்களே ஏற்றுக்கொள்வார்கள், தனி அறை உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த மாதிரி. சிலர் கடைசி வாரத்தில் பில் அனுப்புவார்கள். பதிவு செய்வதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

---

பழையபெட்டி எழுதியது:

‘தனிப் பயணிகளுக்கு மட்டும், சப்ளிமென்ட் கிடையாது’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். அது நல்லதா? யாராவது போயிருக்கிறீர்களா?

---

கணக்கேடு எழுதியது:

ஐயா, அதில் எல்லோருமே தனி ஆட்கள், எல்லோருக்கும் தனி அறை. அறையின் முழு விலையையும் விளம்பரத் தொகைக்குள்ளேயே சேர்த்திருப்பார்கள். ‘சப்ளிமென்ட் இல்லை’ என்ற வரியைப் பார்க்காமல், சாதாரணச் சுற்றுலாவின் விலையையும் அதன் சப்ளிமென்ட்டையும் கூட்டி, இந்த மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். சில சமயம் இது மலிவு, சில சமயம் இல்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஒற்றை ஆள் என்பதால் உங்களுக்குப் பேச்சுத் துணை கிடைக்கும். அதற்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

---

நடந்துபார் எழுதியது:

தனி ஆளை ஒதுக்குவது, தனி ஆளுக்கென்றே கட்டுவது, இந்த இரண்டு முகத்தையும் ஜப்பானில் ஒரே பயணத்தில் பார்த்தேன். அங்கே பழைய பாணி விடுதிகள், ரியோக்கான், தலைக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்கின்றன. இரவு உணவும் காலை உணவும் அதற்குள் அடக்கம். தலைக்கு விலை என்றால் தனி ஆளுக்கு நல்லது என்றுதானே தோன்றும்? நடந்தது வேறு. ஒருவர் வந்தால் அந்த அறையில் இன்னொரு தலைக்கான வருமானம் போகிறது என்று பல இடங்களில் தனி ஆளை எடுப்பதே இல்லை, முக்கியமாக வார இறுதியில். இணையத்தில் 2 என்று போட்டால் அறை இருக்கிறது, 1 என்று மாற்றினால் அறை மறைந்துவிடுகிறது. காசு கூடக் கேட்டிருந்தாலாவது கொடுத்திருப்பேன்.

அதே ஊரில் ரயில் நிலையத்துக்கு எதிரே பிசினஸ் ஹோட்டல். வேலை விஷயமாகத் தனியாக வருகிறவர்களுக்காகவே கட்டியது, பெரும்பாலான அறைகள் ஒருவருக்கு. சின்ன அறைதான். பெட்டியை விரித்தால் நடக்க இடம் இல்லை. ஆனால் மேசை, விளக்கு, குளியலறை எல்லாம் ஒரு ஆளை மனதில் வைத்துச் செய்தது. ஒரே ஒரு கப். பழையபெட்டி ஐயா எழுதியதைப் படித்தபோது அந்த ஒரு கப்தான் ஞாபகம் வந்தது. ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மட்டும் பெட்டி மாதிரி அறைகளை அடுக்கி வைத்த கேப்சூல் ஹோட்டலும் ஜப்பானில் பிறந்ததுதான், கட்டடக் கலைஞர் கிஷோ குரோகவா வடிவமைத்து 1979-இல் ஒசாகாவில் திறந்தது. கடைசி ரயிலை விட்டவர்கள் தூங்குவதற்கு அதைவிட வேறு என்ன வேண்டும்.

---

முன்மேசை எழுதியது:

நடந்துபார் சொன்ன 2, 1 விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். பதிவுத் தளங்கள் பெரும்பாலும் ‘பெரியவர்கள் 2’ என்று தானாகவே போட்டு வைத்திருக்கும். அதை 1 ஆக்காமல் தேடினால் ஒருவருக்கான விலை இருந்தாலும் உங்கள் கண்ணில் படாது. பல ஐரோப்பிய நகரங்களில் தங்கும் வரி தலைக்கு, இரவுக்கு என்று வாங்குகிறார்கள், அதுவும் இரண்டு தலைக்குச் சேர்ந்துவிடும். மாற்றித் தேடிவிட்டு, அதே ஹோட்டலின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை பாருங்கள்.

வீடு வாடகைக்கு எடுக்கிறவர்கள் சுத்தம் செய்யும் கட்டணத்தைப் பாருங்கள். அது தங்குகிற ஒரு தடவைக்கு இவ்வளவு என்று இருக்கும். ஒருவராக ஓர் இரவு மட்டும் தங்கினால் அது இரவு வாடகையையே தொட்டுவிடும். ஒரு வாரம் என்றால் பரவாயில்லை.

---

ஒற்றைச்சாவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணக்கேடு சொன்னபடி நேற்று இரவு பயணத் திட்டத்தை எடுத்து வைத்து ஒரு தாளில் எழுதினேன். முதல் இரவு ஹோட்டல், இரண்டாவது ஹோட்டல், மூன்றாவது, நான்காவது ஒரே ஹோட்டல். ஐந்தாம் இரவு ரயில். நான்கு பெர்த் பெட்டியில் ஒரு பெர்த். ஆறு, ஏழு மறுபடி ஹோட்டல்.

அந்த ரயில் பெட்டியில் என்னோடு குழுவில் இருந்து இன்னும் மூன்று பேர் தூங்கப் போகிறார்கள். அதற்கும் தனி அறைக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். சப்ளிமென்ட் ஏழு இரவுக்கு என்று பில்லில் தெளிவாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் எத்தனை பில்லில் இப்படி ஒரு இரவு போயிருக்கும் என்று நினைத்தால் தூக்கமே வரவில்லை.

இன்று காலை மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று கேள்விதான். இரவு வாரியாகப் பிரித்துத் தர முடியுமா? ரயில் இரவுக்கு எதற்குத் தனி அறைக் கட்டணம்? ஆறு ஹோட்டல் இரவிலும் இரண்டாவது ஆளின் காலை உணவு கழிக்கப்பட்டதா? கோபமாக எழுதவில்லை. முதலில் எழுதியதில் கோபம் இருந்தது, அழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

---

கணக்கேடு எழுதியது:

ரயில் பெர்த்! நான் சொன்ன மூன்றாவது காரணம் இதுதான் மேடம். நிச்சயம் கழிப்பார்கள். பதில் சொல்ல வேறு வழி இல்லை.

---

ஒற்றைச்சாவி எழுதியது:

ஐந்து நாள் கழித்துப் பதில் வந்தது. ரயில் இரவை எடுத்துவிட்டார்கள், ‘கவனக்குறைவு’ என்று மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். முதல் நான்கு இரவுக்குக் காலை உணவைக் கழித்திருக்கிறார்கள். 45 இப்போது 36. இன்னும் அதிகம்தான், ஆனால் இந்த முறை எதற்குக் கொடுக்கிறேன் என்று தெரிந்து கொடுக்கிறேன். இதே குழுவில் வரும் இன்னொரு தனிப் பயணிக்கும் திருத்திய பில் போகுமா என்று கேட்டேன். போகும் என்று எழுதியிருக்கிறார்கள். அவரை எனக்குத் தெரியாது, அவர் கேட்டாரா என்றும் தெரியாது.

அறை விஷயத்தையும் எழுதினேன். லிஃப்டுக்குத் தள்ளி, வெளிச்சம் வருகிற அறை என்று எல்லா ஹோட்டலுக்கும் குறிப்பு அனுப்புவதாகச் சொன்னார்கள்.

---

பழையபெட்டி எழுதியது:

நல்லது அம்மா. படிக்கவே நிம்மதியாக இருக்கிறது. என் அடுத்த பயணத்தின் பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காரப் போகிறேன். ஒன்பது இரவு. எப்படி எழுத வேண்டும் என்று உங்கள் மின்னஞ்சலை இங்கே போட முடியுமா? நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

---

ஒற்றைச்சாவி எழுதியது:

போடுகிறேன் ஐயா, இதோ:

“வணக்கம். என் பதிவில் உள்ள சிங்கிள் சப்ளிமென்ட்டை ஒவ்வோர் இரவுக்கும் எவ்வளவு என்று பிரித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். ஹோட்டல் அறை இல்லாத இரவு எதுவும் இதில் சேர்ந்திருந்தால் அதை நீக்கித் தர வேண்டுகிறேன். நான் ஒருவர் மட்டும் தங்குவதால் இரண்டாவது நபரின் காலை உணவு கழிக்கப்பட்டதா என்பதையும் தெரிவிக்கவும். முழு அறைக்கான கட்டணத்தை நான் செலுத்துவதால், இருவருக்கு ஒதுக்கும் அதே தரத்து அறையை ஒதுக்கும்படி ஹோட்டல்களுக்குத் தெரிவிக்கவும்.”

கடைசி வரியை முன்மேசை எழுதியதைப் படித்த பிறகுதான் சேர்த்தேன். ஆறாம், ஏழாம் இரவு ஹோட்டலில் இருந்து காலை உணவு பற்றி மட்டும் இன்னும் பதில் இல்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.